வெர்னாவின் வேலியில் ஒரு கேட்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே! சாலை ஆணையர் அவர்களே! மறைந்த வெர்னா லுண்ட் அம்மையாரின் அருமை மகள் கிரெட்டா அவர்களே! சேற்றுப் பூட்ஸோடு பின்வரிசையில் நிற்கும் வேலிக்காரத் தோழர்களே! வணக்கம்.

எழுதி வைத்துப் படிக்க எனக்கு எழுத்து வராது. நினைவிலிருந்து பேசுகிறேன். தப்பாகச் சொன்னால் அதட்டித் திருத்த வெர்னா இருப்பார். இன்று அவரும் இல்லை, அதனால் நான் சொல்வதுதான் சரி!

முதல் பனி விழுந்ததும் மலையிறங்கி வரும் மான்கள் நம் கணவாய்ச் சாலையில் எத்தனை வண்டிகளில் மோதின? செத்தவற்றைத் தினமும் இழுத்துப் போட்டவர் யார்? சாலைக் கண்காணிப்பாளர் வெர்னா! சாலையின் இருபுறமும் எட்டடிக் கம்பிவேலி, மான் கடக்க அடியில் ஒரு சுரங்கவழி என்று சாலை ஆணையத்தை ஆறு வருடம் நச்சரித்தவர் யார்? வெர்னா!

வேலி முடிந்தது, பண்ணைப் பாதை சாலையில் ஏறும் இடத்தில் ஒரு கேட்டோடு. நாலே நாளில் பதினோரு மான்கள் வேலிக்கு உள்ளே, தார்ச்சாலையில் நின்றன! இன்னும் ஒரு மோதல் நடந்தால் வேலியைப் பிடுங்கிவிடுவோம் என்றது ஆணையம். வெர்னா நேரே காபிக்கடைக்கு வந்தார்.

"பண்ணைப் பாதை கேட்டைத் தெறந்து போட்டது யாருய்யா?"

"நான் வரும்போதே தெறந்துதான் கெடந்துச்சு, வெர்னா. கேட்டு எப்படிக் கெடந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும்னு எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்காரு" என்றான் நம் பண்ணைக்கார ராய்ஸ்.

"எனக்கும் அப்படித்தான்" என்றார்கள் எல்லோரும்.

"ஒங்கப்பனுங்க மாட்டுக்குச் சொன்னதய்யா அது! எப்பவும் மூடுங்கன்னு பலகை அடிச்சிருக்கேனே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

நான் தலைகுனிந்தேன். வேலி போட்டவர்களின் லாரிகள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போன மறுநாள் காலை அந்த வழியில் முதலில் போனவன் நான்தான். பலகையைப் பார்த்தேன், படிக்கத் தெரியவில்லை; கேட்டைத் திறந்தபடியே விட்டுப் போனேன். வெர்னா என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றே தொப்பிகளை ஆட்டி விரட்டிப் பதினோரு மான்களையும் அதே கேட் வழியாக வெளியேற்றினோம். மறுநாள் வெர்னா பலகையின் எழுத்துகள் மேல் வெள்ளையடித்து, ஒரு மூடிய கேட், அதற்கு அப்பால் ஒரு மான் என்று வரைந்திருந்தார்.

"இது மானா, கழுதையா?" என்றேன்.

"மூடிட்டுப் போனா மான். தெறந்து போட்டா, போட்டவன் கழுதை. போ டெல்பர்ட், வேலையைப் பாரு."

படம் எதற்கென்று எத்தனையோ பேர் கேட்டார்கள். பத்தொன்பது வருடம் அவர் வாய் திறக்கவில்லை. எனக்காகத்தான், நண்பர்களே! இன்று நானே சொல்லிவிட்டேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சபதம் செய்தோம். நல்லது. இன்று சவ ஊர்வலமாக நாற்பது வண்டிகளில் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் இந்தக் கூடத்துக்கு வந்தோம். கடைசி வண்டி யாருடையது? ராய்ஸ், உன்னுடையதா? மூடினாயா?

"அது... தெறந்துதான் கெடந்துச்சு, டெல்பர்ட்."

சிரிக்காதீர்கள்! கிரெட்டா அம்மா, மன்னியுங்கள், என் சபதத்தை இப்போதே நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. ராய்ஸ், வண்டிய எடுய்யா! மற்றவர்களும் தொப்பியோடு வாருங்கள். எத்தனை மான்கள் வேலிக்கு உள்ளே வந்திருக்கின்றனவோ!