புழு தொடாத புல்

பால் வேண்டாம், பிளேன்டீ போதும். சீனி அரைக் கரண்டி. நீங்கள் இந்த மழையில் பதுளையிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், முதலில் நீங்கள் குடியுங்கள். அறிவிப்புப் பலகையில் தமிழ் ஏன் இல்லை என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். ஆனால் பலகையிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு விளங்காது. புல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

வெலிமடைக்கு மேலே இருக்கும் இந்தப் புல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நான் வந்து ஏழு வருடம். இந்த வருடம் மழை பிந்தியது, படைப்புழு முந்தியது. ஒரே வாரத்தில் சுற்றுவட்டாரப் புல்லெல்லாம் ஈர்க்குக் குச்சியாக நின்றது. என் மூன்றாம் பாத்தி மட்டும் கரும்பச்சையாக இருந்தது. அதில் ஒரு புழுகூட வாய் வைக்கவில்லை. காரணம், அந்தப் புல்லுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாது, புல்லுக்கும் அதனால் கேடில்லை. அது சுரக்கிற விஷம் பூச்சிகளை அண்டவிடாது. அளவு மிஞ்சினால் மாட்டையும் விடாது. மாடு நடுங்கும், தள்ளாடும். புல்லை நிறுத்திவிட்டால் இரண்டு மூன்று கிழமையில் தானாகத் தேறிவிடும்.

நம் மலைக் குளிரில் எந்த அளவு மிஞ்சிய அளவு என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தால் ஊவா முழுக்கப் பூச்சிமருந்து அடிக்காமல் மாடு வளர்க்கலாம். அதற்காகத்தான் நான்கு வருடம் கொடுத்தேன். இரண்டு கல்யாணப் பேச்சையும் தட்டிக் கழித்தேன். அதை நீங்கள் எழுத வேண்டாம்.

ஆறு கிடாரிகள் கேட்டு விண்ணப்பித்தேன். விலங்கு நலக் குழுவில் இருக்கும் றஷீனா டொக்டர் மறுத்துவிட்டார்.

“நடுங்கி விழுற வரைக்கும் தீனி போடணும்டு எழுதியிருக்கீங்க, கேசினி. நான் மாட்டு டொக்டர். இதுக்குக் கையெழுத்து வைக்க என்னால ஏலாது” என்றார்.

விதிப்படி அவர் செய்தது சரி. நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அறைக்கு வந்து விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்தக் கிழமைதான் புல் களவு போகத் தொடங்கியது. அறுத்தவள் இராக்கம்மா. கீழ்த் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கொட்டில், அதில் ஒரு சிவப்பு மாடு, கன்று போட்டு இரண்டு மாதம். வேலிப் பொத்தலுக்குள் குனிந்து வந்தவளை அரிவாளோடு பிடித்தேன்.

“ஆரைக் கேட்டு அறுக்கிறாய்?”

“யாரைங்க மிஸ் கேக்கணும்? வெளிய ஒரு புல்லு விடாம புழு தின்னுருச்சு. எம் மாடு பட்டினி கெடக்குது. இது என்ன ஒங்க அப்பன் வீட்டுக் காடா? கவுருமெண்டு எடந்தானே.”

பின்னால் வந்த அவள் புருஷன் வீரய்யா, “மன்னிச்சுக்குங்க மிஸ், அவ வாய் அப்படி” என்று அவளை இழுத்துக்கொண்டு போனான். மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் அறுத்திருந்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் அப்பா பெயரைக் காப்பாற்றப் படித்தவள். அவரை ஒரு புல்லுக்காரி இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

நிலையத்தில் பலகை வைக்கச் சொன்னார்கள். ‘நச்சுப் புல், மாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.’ வெலிமடையிலிருந்து ஸப்வான் என்ற பெயின்டர் வந்தான். மூன்று மொழியிலும் எழுதிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. நான் சிங்களமும் ஆங்கிலமும் கொடுத்தேன்.

“தமிழ் எங்க மிஸ்? எடம் இருக்கே. நானே எழுதிருவேன்” என்றான்.

“பிறகு அனுப்புறன், விடும்.”

மண்டையோட்டுப் படம் ஒன்று சும்மாவே கீறித் தருவதாகச் சொன்னான். இது ஆராய்ச்சி நிலையம், மின்சார மாற்றி இல்லை என்றேன். இராக்கம்மாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அது எனக்குத் தெரியும். வேலிப் பொத்தலை அடைக்க வந்த ஆளையும் நான்தான் வேறு வேலைக்கு அனுப்பினேன். ஆறு மாடு தர மறுத்தார்கள். ஒரு மாடு தானாகவே வந்து தின்னுகிறது, நான் ஏன் தடுக்க வேண்டும்? ஒரு பிடி புல்லைக்கூட நான் அதற்கு எடுத்துப் போடவில்லை.

என் அலுவலக யன்னலிலிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் கொட்டில் தெரியும். பறவை பார்க்க வாங்கிய தொலைநோக்கி இருந்தது. எல்லாவற்றையும் கொப்பியில் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், நீங்கள் எடுத்துப் போகலாம். மாடு அந்தப் புல்லைத் தின்னத் தொடங்கிய ஐந்தாம் நாள் தலை ஆடியது. எட்டாம் நாள் தோள்பட்டை நடுங்கியது. வீரய்யா மாரியம்மன் கோயில் பூசாரியிடம் மந்திரித்த தாயத்தை அதன் கழுத்தில் கட்டினான். கொட்டிலில் வேப்பிலை செருகினார்கள். பத்தாம் நாள் நாய் குரைத்ததற்கு மாட்டின் நான்கு காலும் விறைத்தன. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. புத்தகத்தில் படித்ததை முதல்முறையாக நேரில் பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலை இராக்கம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துச் சரிவுப் பாதையில் இறங்கினாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். மாட்டுக்காரர் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். வளைவில் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்தது. மாடு மரம் போல விறைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. அவளையும் இழுத்துக்கொண்டே போனது. மாடு தேயிலைச் செடிகளில் சிக்கி நின்றது. அவள் தலை பாதையோரக் கல் வடிகானில் அடிபட்டது. வீரய்யா ஓடி வந்து அரிவாளால் கயிற்றை அறுத்துத்தான் அவள் கையை விடுவித்தான். அப்போதே உயிர் இல்லை.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் என்று பொலிஸார் எழுதியிருக்கிறார்கள். அது பிழை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று நான் அவர்களிடம் சொன்னதும் பிழை. கேட்டாள். விழுவதற்கு முதல் நாள் பின்னேரம் வேலியருகே வந்து நின்றாள். கையில் அரிவாள் இல்லை.

“மிஸ், நீங்க படிச்சவங்க. எம் மாடு நிக்க மாட்டேங்குது. சத்தம் கேட்டா காலு வெறச்சுப் போவுது. கன்னுக்குட்டி பக்கத்துல போகப் பயப்புடுது. இந்தப் புல்லுல ஏதும் இருக்குங்களா? அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க மிஸ்.”

கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். புல்லை நிறுத்து, மாட்டைக் கட்டிய இடத்திலேயே விடு, அவ்வளவுதான். ஆனால் என் கொப்பியில் ஒரு நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. நின்ற மாட்டைத்தான் நான் பார்த்திருந்தேன். மேடு பள்ளத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பது அதில் வரவில்லை. அன்றுதான் முதன்முறையாக அவளை நீங்கள் என்றேன்.

“புல்லில ஒண்டும் இல்லை. நுனியை விட்டிட்டு அடியோட அறுத்துப் போடுங்கோ, சத்தெல்லாம் அடியிலதான். மாடு கட்டிக் கிடந்துதான் கால் பிடிச்சுப் போச்சு. நாளைக்குக் காலமை சரிவால இறக்கி நடத்துங்கோ. கயித்தை இறுக்கிப் பிடியுங்கோ.”

விஷம் அடித்தண்டில்தான் கூடுதல். ஓடவோ இறங்கவோ வைத்தால் மாடு விழும் என்பதும் எனக்குத் தெரியும். அவள் கை எடுத்துக் கும்பிட்டாள். “நல்லா இருப்பீங்க மிஸ்” என்றாள். காலையில் தொலைநோக்கியோடு நேரத்துக்கே யன்னலுக்கு வந்துவிட்டேன்.

அவள் விழுந்ததற்கு வருந்துகிறேன். அது பரிசோதனையில் இல்லாத விஷயம். நேற்று லயத்துப் பக்கம் போனேன். வீரய்யா என்னைக் கண்டதும் எழுந்து நின்று, உட்காரப் பலகை போட்டான். மாடு வேறு புல் தின்னத் தொடங்கி இருபத்திரண்டு நாள். நடுக்கம் துளியும் இல்லை, கன்றுக்குப் பால் விடுகிறது. றஷீனா டொக்டரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் எந்த மாட்டையும் வதைக்கவில்லை என்பதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.