உள்ளே ஓடும் குழாய்

— கருமம்டா கோகுலு. நம்ம பட்டறையில இது நடந்துச்சுன்னு வெளிய சொல்லவே எனக்கு நாக்கு கூசுது.

— அப்படி என்னக்கா பெருசா பண்ணிட்டேன்?

— வெளிய தெரியற ரெண்டு மொனைக்கும் பாயிண்ட் எட்டு மில்லி கனத்துல செம்புக் குழாய். உள்ளார சுருள் பூராவும் அரை மில்லி. மூலையில போட்டு வெச்சிருக்கற மிச்சத்த வெர்னியர் வெச்சு அளந்து பாத்துட்டுத்தான் கேக்கறேன்.

— வாங்க வர்றவீங்க எல்லாரும் மொனையத்தான அளக்கறாங்க. உள்ளார யாரு கைய உட்டுப் பாக்கப் போறா?

— அதச் சொல்றப்ப ஒரு சிரிப்பு வேற. த்தூ.

— சேலம் பூரா அலைஞ்சும் பாயிண்ட் எட்டு கெடைக்கலக்கா. திங்கக்கெழம சுடுதண்ணி மிஷின் வந்துரும்னு வாக்குக் குடுத்தது நீதான். ஏசிக்கு இந்தக் குழாயத்தான போடறோம்?

— ஏசி வேற, ஹீட் பம்பு வேறன்னு உனக்குத் தெரியாதா? சுடுதண்ணி காய வெக்கோணும்னா உள்ளார கேஸு எந்த முட்டு முட்டும்? வளைக்கற எடத்துல செம்பு இன்னும் மெலிஞ்சு வெடிச்சுப் போவுமே.

— தாங்கும்க்கா. நீ நெம்பத்தான் பயப்படறே.

— எடப்பாடி பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போற மிஷினுடா. எங்க நிறுத்தறதுன்னு நீதான போயி எடம் பாத்துட்டு வந்தே?

— ஆமா. பின்னால வராண்டாவுல.

— அங்க யாரு உக்காந்திருந்தாங்க?

— புள்ள பெத்தவீங்க. காலையில கொழந்தைக்கு வெயில் காட்ட வருவாங்களாம்.

— அதப் பாத்துட்டு வந்துமா அரை மில்லியச் சுத்துனே? உன்ற கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க எனக்கு அருவருப்பா இருக்குது.

— வார்த்தைய அளந்து பேசுக்கா. ஒண்ணும் ஆவாதுன்னா ஆவாது. நைட்ரஜன் அடைச்சு டெஸ்டே பண்ணிட்டேன்.

— முழு பிரஷருக்கா?

— ஏசிக்கு வெக்கற அளவுக்கு.

— அப்ப இப்ப வெய்யி, என்ற முன்னால, முழுசா. எப்பவும் டெஸ்ட் ஓடறப்ப மிஷின் மேல சாஞ்சுக்கிட்டு டீ குடிப்பியே, அப்படியே சாஞ்சு நில்லு. நானும் பக்கத்துலயே நிக்கறேன்.

— நீ எதுக்குக்கா?

— ஒண்ணும் ஆவாதுன்னியே. தாங்குச்சுன்னா வாய மூடிக்கிட்டு நானே வண்டியில தாட்டி உடறேன்.

— சரி. தொறக்கறேன்.

— வால்வுல கைய வெச்சுக்கிட்டு என்னடா யோசன?

— அக்கா, நீ செவுத்துக்கு அந்தப்பக்கம் போயி நில்லு.