பத்து நிமிடத்தில் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கண் பிரிவுத் தலைவர் டாக்டர் டெம்பா அவர்களே, பாதிரியார் அவர்களே, மாரங்கு மலைச்சரிவிலிருந்து இறங்கி மோஷிக்கு வந்திருக்கும் ஊரியோ குடும்பத்தாரே, நம் மருத்துவமனை நண்பர்களே!

நம் ஆய்வகத் தலைவி அய்காண்டே ஊரியோ அக்காவைப் புகழ என்னை அழைத்தீர்கள். புகழ்கிறேன். ஆனால் ஆறு ஆண்டுகள் அவர்மேல் பொறாமைப்பட்டவள் நான். அதை மறைத்துப் புகழ்ந்தால் பொய்யாகிவிடும்.

எப்படிப் படாமல் இருப்பேன்? பாக்டீரியா கருவிழியைத் தின்னத் தொடங்கினால் ஒரே நாளில் பார்வை போய்விடும். அதை வளர்த்துக் கண்டுபிடிக்க இரண்டு நாள். கிருமியின் மரபணுவைப் பார்த்துப் பெயர் சொல்லும் என் இயந்திரத்துக்கோ நான்கு மணி நேரம். அதை இயக்க நைரோபியில் மூன்று மாதம் படித்து வந்தேன். இவர் சாயமேற்றிய ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்த்து, பத்து நிமிடத்தில் வார்டுக்குப் போன் போடுவார்! டாக்டர்கள் யாரைக் கேட்டார்கள்? அவரைத்தான்! எப்போதும் அவரைத்தான்!

சென்ற மார்ச்சில் என் மூன்று வயது மகள் மன்காவின் கண்ணை மக்காச்சோள இலை கீறிவிட்டது. மறுநாள் காலை கருவிழியில் வெள்ளைப் புள்ளி. டாக்டர் சுரண்டி எடுத்ததில் கிடைத்தது குண்டூசி முனையளவு. ஒரு சோதனைக்குத்தான் காணும். அக்கா ஸ்லைடோடு பக்கத்திலேயே நின்றார்.

"இயந்திரத்துக்குக் குடுங்க!" என்று கத்தினேன்.

"நாலு மணி நேரம் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமாடி, மன்கா அம்மா? தள்ளு."

"எம் புள்ளைக்குப் பாக்குறீங்களா, உங்க பேருக்குப் பாக்குறீங்களா?"

"திட்டு. அப்புறமா நல்லாத் திட்டு. இப்ப வெளிச்சத்த மறைக்காத."

ஸ்லைடில் தடவிவிட்டார். பத்து நிமிடம். "சிவப்புக் குச்சிக் கிருமிங்க, டாக்டர். வேகமாத் திங்கிற ஜாதி. இப்பவே மருந்த ஊத்துங்க."

கத்தி முனையில் ஒட்டியிருந்ததைக் கழுவி என் இயந்திரத்தில் வைத்தேன். பிற்பகலில் அதுவும் அதையே சொன்னது, பெயரோடு. அதற்குள் மன்காவின் கண்ணில் எட்டு முறை மருந்து விழுந்திருந்தது. கண் தப்பியது.

மகிழ்ந்தேனா? மகிழ்ந்தேன். கூடவே வயிறும் எரிந்தது! அவரோ அறிக்கையை என்னிடம் நீட்டினார். "சரியான பேரச் சொன்னது உன் பெட்டிதான். மேல நீ கையெழுத்துப் போடு." விட்டுக்கொடுத்தே ஜெயிக்கிறவரை என்ன செய்வது!

நேற்று அடக்கத்தின்போது அவர் படத்தைப் பார்த்து மன்கா தேம்பினாள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அக்கா, உங்கள் நாற்காலிக்கு ஆறு வருடம் ஆசைப்பட்டேன். இன்று அது காலி. உட்காரப் பயமாக இருக்கிறது.

டாக்டர் டெம்பா, நாளை காலையிலிருந்து முதல் ஸ்லைடை நான் பார்க்கிறேன். பார்த்த கையோடு அழைப்பேன். 'அய்காண்டே இதைவிடச் சீக்கிரம் சொல்லியிருப்பார்' என்று நீங்கள் சொல்லலாம். வாங்கிக்கொள்கிறேன். மருந்தை ஊற்றிவிட்டுச் சொல்லுங்கள்.