பச்சையம்மாளின் மேல்முறையீடு

தலைமை ஏற்றிருக்கும் மீன் விற்கும் பெண்கள் சங்கத் தலைவி அஞ்சலாட்சி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு ரெட்டியார்பாளையம் வரை வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பிள்ளைச்சாவடித் தாய்மார்களே, வணக்கம்.

நம் சங்கச் செயலாளர், அஞ்சாத பெண்மணி பச்சையம்மாள் மறைந்துவிட்டார். கோரிமேடு ஆஸ்பத்திரி வாசலில் அரசியல் பிரமுகர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் மிஷேல் சார், குற்றவாளிங்கற பேரோடவே போயிட்டாங்க" என்றார். பாவமா? யார் பாவம்? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது! அவருடைய வழக்கறிஞனாக அந்தக் கோபத்தோடுதான் இங்கே நிற்கிறேன்.

அவர் செய்த குற்றம் என்ன? கடல் ஊருக்குள் வந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. கல் கொட்டித் தடுப்புப் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்த பிறகுதான், கூடைகளை இறக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தீர்கள். அவர் மேலும் உங்கள் மேலும் கலகம் செய்ததாக வழக்குப் போட்டார்கள்.

உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்து "நான்தான்" என்று ஒத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடியும், மற்றவர்களை யாரும் தொடமாட்டார்கள். கோர்ட்டும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார் அந்த அம்மா. நான் கண்ணைக் காட்டுகிறேன், கையை ஆட்டுகிறேன், அவர் என் பக்கம் திரும்பினால்தானே! "நான்தாங்க கூப்ட்டேன். இவங்க எம்பேச்சக் கேட்டு வந்தவங்க. இவங்கள வுட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டார்கள்! உங்களை எல்லாம் விட்டுவிட்டு, அவருக்கு மட்டும் இரண்டு ஆண்டுச் சிறை.

சட்டமன்றத்துக்கே போய்த் தடுப்புக் கேட்க நினைத்திருந்தார் அவர். இரண்டு ஆண்டு தண்டனை என்றால் சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் தகுதி போய்விடும். மேல்முறையீடு செய்தோம். சிறையை நிறுத்தி வைத்தார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்தவில்லை. அதற்காகச் சும்மா இருந்தாரா? நேராகப் போய் வேட்புமனு கொடுத்தார். பரிசீலனையில் தள்ளினார்கள். வழக்குமேல் வழக்குள்ள ஒரு பெரிய மனிதரின் மனுவை அதே மேசையில் ஏற்றுக்கொண்டார்கள்.

"அவரு மேலயும் கேசு இருக்கே சார்?" என்று கேட்டார் பச்சையம்மாள்.

"கேஸ் இருக்கலாம்மா. தண்டனை ஆகியிருக்கக் கூடாது" என்றார் தேர்தல் அதிகாரி.

"அப்போ கேச இழுத்துக்கினே இருந்தா நல்லவரு, ஒத்துக்கினவ குத்தவாளியா?"

இதற்கு இன்றுவரை யார் பதில் சொன்னார்கள்?

குற்றவாளிகள் சட்டமன்றத்துக்குள் போகக்கூடாது என்று சட்டம் வேண்டும். நூறு தடவை வேண்டும்! ஆனால் வாய்தா வாங்கத் தெரிந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு, உண்மை பேசியவரை வாசலில் நிறுத்துகிற சட்டத்தை நான் கும்பிட மாட்டேன். அதைத் திருத்தும்வரை இந்தச் சங்கமும் ஓயாது.

மேல்முறையீடு விசாரணைக்கு வருமுன்னே அவர் போய்விட்டார். ஆளே போனபின் கேஸ் ஏது என்கிறார்கள். இருக்கிறது ஐயா! சிறைத் தண்டனை பெற்றவர் இறந்துபோனால், நெருங்கிய உறவினர் முப்பது நாளுக்குள் அனுமதி கேட்டு அதைத் தொடரலாம். இதை அவர் மகள் சங்கவியிடம் நேற்றுச் சொன்னேன்.

"ஜெயிச்சா அம்மாவுக்கு என்னா சார் கெடைக்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் கெடைக்காதும்மா. குற்றவாளி இல்லன்னு எழுதுவாங்க, அவ்ளோதான்."

"அது போதும் சார். எலெக்‌ஷன்ல நான் நின்னுக்கிறேன்."

மேல்முறையீட்டைத் தொடர இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பச்சையம்மாள் அவர்களே! கோர்ட்டில் உங்களுக்காக நாங்கள் நிற்கிறோம். தேர்தலில் உங்கள் மகள் நிற்கிறாள். முடிந்தால் இவள் மனுவைத் தள்ளிப் பார்க்கட்டும்!