பௌர்ணமியன்று ஒரு பாயசப் போட்டி

இட்லி மாவை அவசரப்பட்டு அரைக்கக் கூடாது. உளுந்து பொங்கி வரும்வரை கிரைண்டர் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அடி அண்ணாமலையில் இட்லிக் கடை நடத்தும் எனக்கு இது தெரியும். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் தெரியவில்லை.

அதற்கு வயதாகிவிட்டது. சாயங்காலமானால் விளக்குகள் கண்ணைச் சிமிட்டும், கிரைண்டர் முனகும், என் இட்லி கல்லாகிவிடும். பக்கத்துத் தெரு தனம் கடையில் பஞ்சு மாதிரி இருக்கிறதென்று என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். தனத்தின் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அவள் தெருவுக்குப் போன வருஷம் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் செழியன் நல்ல பிள்ளை. பழைய சாமான்களில் எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு மாற்றுவது என்று திட்டம் போடுகிறவர் அவர்தான். கேட்டால் பொறுமையாக விளக்குவார். அடிக்கடி எரிவதற்குத்தான் முதலிடமாம். தனம் தெருவில் இருந்தது இரண்டு முறை எரிந்ததால் முந்திக்கொண்டது. எங்களுடையது அதைவிடக் கிழம், ஆனால் ஒருமுறைகூட எரியவில்லை. அதனால் காத்திருக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் ஒழுங்காக உழைத்ததற்கு அதற்குக் கிடைத்த மரியாதை இதுவா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

"அப்ப எரிஞ்சா மாத்திடுவீங்களா சார்?" என்று சும்மாதான் கேட்டேன்.

"சாதாரண நாள்ல எரிஞ்சா நாலஞ்சு நாள் ஆவும்மா. பௌர்ணமில எரிஞ்சா அன்னைக்கே புதுசு வச்சாகணும். கிரிவலத்துக்கு அவ்ளோ ஜனம் வருதில்ல" என்றார் பெருமையாக.

அடுத்த பௌர்ணமிக்கு எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பாயசப் போட்டி அறிவித்தேன். விதிகள் எளிமையானவை. அவரவர் வீட்டில் கரண்ட் அடுப்பில்தான் சமைக்க வேண்டும். பொழுது சாயும்போது எல்லாரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். பாயசம் கொதிக்கும்போதே கீசரில் வெந்நீர் போட்டு, புடவையையும் இஸ்திரி போட்டு முடித்தால் சுறுசுறுப்புக்குத் தனி மதிப்பெண். ஆண்கள் அடுப்படிக்கு வந்து தொந்தரவு செய்யாமல் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பலாம். பரிசு, இன்னொரு கரண்ட் அடுப்பு.

இவ்வளவு பாரம் ஏறினால் ஃபியூஸ் போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அதனால் லைன்மேன் அர்ஜுனன் தம்பியிடம், ஃபியூஸ் அடிக்கடி போகிறது, கொஞ்சம் தடிமனான கம்பியாகக் கட்டுங்கள் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தேன். மறுக்கத் தெரியாதவர், கட்டிவிட்டார். முந்தின நாள் நானே போய் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் வேலிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சுற்றிவிட்டு வந்தேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது.

எல்லார் வீட்டிலும் பால் பொங்கும் நேரத்துக்குப் படாரென்று ஒரு சத்தம் கேட்டது. கரும்புகை எழுந்தது. கிரிவலம் போய்க்கொண்டிருந்த கூட்டம் அதைப் பார்த்து அரோகரா என்று கும்பிட்டுவிட்டு நடந்தது. தெரு இருண்டுவிட்டது, ஆனால் நல்ல நிலா. யாருக்கும் அடிபடவில்லை. அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

செழியன் வாக்குத் தவறாதவர். அந்தக் கூட்டத்துக்கு நடுவே விசில் ஊதிக்கொண்டே லாரியைக் கொண்டுவந்து, சட்டையெல்லாம் எண்ணெயாகி, அன்றைக்கே புதுசை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவரைக் கடையில் உட்கார வைத்து நான்கு இட்லி வைத்தேன். புது கரண்டில் ராத்திரியே அரைத்துப் புளிக்க வைத்த மாவு. அவர் கையலம்பிவிட்டு வருவதற்குள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கிவிட்டேன். நல்லது செய்தவள் எதற்கு மறைக்க வேண்டும்? அவர் கோபப்படவில்லை. இட்லியைப் பிட்டுப் பார்த்தார். வரவில்லை. சட்னியில் சற்று நேரம் ஊற வைத்து மறுபடியும் முயன்றார். பிறகு எழுந்து போய், கையில் இருந்த மீட்டரை என் கிரைண்டர் பிளக்கில் வைத்துப் பார்த்தார்.

"பாஞ்சாலைம்மா, வோல்ட்டேஜ் இப்ப சரியாதான் இருக்குங்க" என்றார் மெதுவாக.

தெருமுனைக்கு அந்தப் பக்கம் தனம் கடை வாசலில் கூட்டம் நின்றது தெரிந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நிதானமாக யோசித்தபோது விஷயம் புரிந்துவிட்டது. கரண்ட் புறப்படுகிற இடத்திலேயே கோளாறு இருந்தால் ஒரு தெருவில் மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்? சப்-ஸ்டேஷன் எத்தனை வருஷத்துப் பழசு சார் என்று கேட்டேன். பாவம், தூக்கக் கலக்கத்தில் இருந்தவர், சொல்லிவிட்டார்.

பாயசம் யார் வீட்டிலும் வேகாததால் பரிசு அடுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த போட்டி திருவண்ணாமலை ஊர் முழுவதற்கும். கார்த்திகை தீபத்தன்று வைத்திருக்கிறேன்.