டீசலுக்கு இரண்டு நிமிடம்

கைபேசிக் கடன் செயலியால் பசுமை விருது பெற்று, பொன்னாடையோடு வீற்றிருக்கும் அவைத்தலைவர், என் பழைய தோழர் ஸ்ரீகண்டன் அவர்களே! கரமனைத் தெருக்களின் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அன்னையரே! கிழக்கேகோட்டைப் பேருந்தில் கசங்கியும் களைக்காத தம்பி தங்கையரே! உங்களை நோக்கி என் கைகள் குவிகின்றன.

தலைவரைப் பாராட்டத்தான் என்னை அழைத்தார்கள். பாராட்டுகிறேன். காகிதத்தை மிச்சப்படுத்தினார்; வங்கிக்கு அலைந்த வண்டிகளின் புகையை மிச்சப்படுத்தினார். கைதட்டுங்கள்! போதும், போதும், கொஞ்சம் கடைசிக்கும் வையுங்கள்.

அந்தச் செயலியை நாங்கள் இருவரும் சேர்ந்தே கட்டினோம். ஒன்பது ஆண்டுகளாக எந்த மேடையும் இதைச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் விழிஞ்ஞம் கடற்கரையில் எலிசாளைப் பார்த்தேன். மீனுக்கு ஐஸ் அறை வைத்திருப்பவர். மின்சாரம் நின்றால் மீன் போச்சு. கூரையில் சூரியத் தகடு போட ஆசைப்பட்டார். வாங்கியதோ டீசல் ஜெனரேட்டர்! ஏன் என்றேன்.

"சாரே, டீசல் மெஷினுக்கு போனு ரெண்டு நிமிசத்துல கடன் தருது, கேட்டியளா? வெயிலுக்கு மட்டும் எதுக்கு பதினோரு பேப்பரோட ஆபீசுக்கு வரச் சொல்லுது?"

சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. நாட்டின் கார்பன் உமிழ்வு எங்கே பிறக்கிறது? ஆலையில் மட்டுமா? அனல் மின்நிலையத்தில் மட்டுமா? நம் விரல் நுனியிலும் பிறக்கிறது! ஒரு தட்டலில் காகிதம் மிஞ்சும். அதே தட்டலில் வாங்கிய இயந்திரம் பத்து வருடம் புகை கக்கும். எளிதாகக் கிடைக்கும் கடன் எதை எளிதாக்குகிறது? புகையையா, வெயிலையா?

இதோ, மேடையில் துண்டுச்சீட்டு வருகிறது. 'இரண்டு நிமிடம்' என்று எழுதியிருக்கிறார் தலைவர். டீசலுக்குக் கொடுத்த நேரத்தை எனக்கும் கொடுத்திருக்கிறார், நன்றி!

கூரையைப் படமெடுத்து அனுப்பினால் சூரியத் தகட்டுக்குக் கடன் என்று, முழுத் திட்டத்தையும் செயலி கட்டிய நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலைவர் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வெர்ஷன்ல பாத்துண்டா போச்சுடா" என்றார். அந்த அடுத்தது வரவேயில்லை. அதன்பின் நானும் அவரோடு பேசவில்லை.

விருதுக்கா ஏங்குகிறேன்? கரமனைப் பாலத்தில் மாலைதோறும் நடந்த இருவருக்காக ஏங்குகிறேன். தட்டும் ஒவ்வொரு விரலும் ஒரு கூரைக்கு வெயிலைக் கொண்டுவரும் என்று கனவு கண்ட இருவர்! ஆறு அங்கேயே இருக்கிறது. பாலம் அங்கேயே இருக்கிறது. அந்த இருவர் எங்கே?

மறுபடியும் சீட்டா? முடிக்கச் சொல்கிறார் போலும். படித்துவிடுகிறேன்...

'அந்தத் தாள் இருக்கோடா?'

மன்னியுங்கள். தண்ணீர் கொடுங்கள்.

இருக்கிறது, ஸ்ரீகண்டா. இதோ, சட்டைப் பையில். எலிசாளின் கூரையில் வெயில் சும்மா காய்கிறது. கூட்டம் முடிந்ததும் வா, பாலம் வரை நடந்துகொண்டே பேசுவோம்.

என் கசப்பையும் பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. கடைசிக்கு வைக்கச் சொன்ன கைதட்டல்களை இப்போது அவருக்குக் கொடுங்கள். வணக்கம்!