ஏசி அறையில் மாங்காய்

செம்பூரில் வாஷி லோக்கல் ரயிலைப் பிடித்து லேடீஸ் டப்பாவில் உட்கார்ந்ததும் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான்.

“அவியளுக்கு வேர்த்தா தொடச்சிக்கிடலாம். மாங்காய்க்கு வேர்த்தா என்னக்கா செய்ய?”

சொன்னவள் மடியில் ஒரு கட்டைப் பை. டப்பா முழுக்க மாம்பழ வாசனை. பக்கத்தில் இருந்தவள் சற்று மூத்தவள்.

“ஏட்டி, அதுக்காகப் புருசன ஹால்ல தள்ளிட்டு மாங்காய ஏசி ரூம்ல படுக்கப் போடுவியா?”

“வேற எங்க வைக்க? ஃபிரிட்ஜ் முழுக்க விக்கிற இட்லி மாவு. ஞாயித்துக்கிழம சம்பந்தி வீட்டுல வாராவ. அதுவரைக்கும் பழுக்காம இருக்கணும்லா?”

“பொறவு எப்படிப் பழுத்துச்சு?”

“இவிய ஒரு சீப்பு வாழப்பழத்தக் கொண்டாந்து நடுவுல வச்சிட்டாவ. மறுநாளே வாசன வந்துட்டு. இப்ப மொத்தப் பெட்டியும் பழம். அழுகுறதுக்குள்ள தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜுல வைக்கத்தான் வாஷிக்கு ஓடுதேன்.”

“பாவம், அவருக்கு என்ன தெரியும்?”

“தெரியாம என்ன? வாழப்பழத்தப் பக்கத்துல கொண்டு போவாதீய, எல்லாம் பழுத்துரும்னு நாந்தான தெனமும் சொன்னேன்!”

மூத்தவள் அவளையே பார்த்தாள்.

“இப்ப அவரு எங்க படுக்காரு?”

“ஏசி ரூம்லதான். நேத்து என்னா கொறட்ட...”

சொன்னவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு பொங்கியது.

“அடப்பாவி மனுசா!”

வண்டி வாஷி பாலத்தைத் தாண்டியும் இருவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.